ஸ்காடா: தொலைவிலிருந்து ஆலையைப் பார்க்கும் கண்ணும் இயக்கும் கையும்

வளைகுடாவில் இருக்கும் உறவினரிடம் "அங்கே என்ன வேலை?" என்று கேட்டால், "கண்ட்ரோல் ரூமில் ஆப்பரேட்டர்" என்று சிலர் சொல்வார்கள். எண்ணெய் வயல், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், மின் நிலையம், பெட்ரோகெமிக்கல் ஆலை என்று இடம் வேறாக இருக்கலாம். ஊரில் இருக்கும் குடும்பத்தார் மனத்தில் எழும் படம் ஒன்றுதான்: குளிரூட்டிய அறை, வரிசையாகக் கணினித் திரைகள், எதிரே ஒரு நாற்காலி. வெயிலில் நிற்காத வேலை என்று நிம்மதி அடைகிறோம். அந்தத் திரைகளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது, திரையில் ஓர் எண் தவறாகத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

இன்னொரு பக்கம், 'பி.எல்.சி., ஸ்காடா பயிற்சி, முடித்ததும் வேலை' என்ற விளம்பரங்களையும் பார்க்கிறோம். டிப்ளமோ அல்லது பொறியியல் முடித்த பிள்ளையை அந்தப் பயிற்சியில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கு, அந்தப் பெயரே புதிராக இருக்கிறது. ஸ்காடா என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது, எங்கே தவறுகிறது, அந்தத் துறைக்குள் போகிறவர் எதை முதலில் கற்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் எளிமையாகப் பார்ப்போம்.

ஒரு தண்ணீர்த் தொட்டியிலிருந்து தொடங்குவோம்

'சூப்பர்வைசரி கண்ட்ரோல் அண்ட் டேட்டா அக்விசிஷன்' என்ற நீண்ட ஆங்கிலப் பெயரின் சுருக்கமே ஸ்காடா. தமிழில் சொன்னால், மேற்பார்வைக் கட்டுப்பாடும் தரவு சேகரிப்பும். பெயர் பெரிதாக இருந்தாலும் அடிப்படை நம் வீட்டு மாடியிலேயே இருக்கிறது.

பள்ளிவாசலில் ஒளுச் செய்யத் தண்ணீர் தரும் மேல்தொட்டியை எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் தண்ணீர் தீர்ந்ததும் ஒருவர் போய் மோட்டாரைப் போடுவார். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் நிறுத்துவார். இப்போது பல இடங்களில் தொட்டிக்குள் ஒரு மிதவை சுவிட்ச் இருக்கிறது. தண்ணீர் இறங்கினால் மோட்டார் ஓடும், நிரம்பினால் நிற்கும். இதில் மூன்று வேலைகள் நடக்கின்றன. அளவைப் பார்ப்பது, என்ன செய்வது என்று முடிவெடுப்பது, அதைச் செய்வது. உலகின் எந்தப் பெரிய ஆலையிலும் தானியங்கிக் கட்டுப்பாடு என்பது இந்த மூன்றும் ஓயாமல் சுற்றிச் சுற்றி நடப்பதுதான்.

ஒரு தொட்டிக்கு மிதவை போதும். ஆனால் திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து ராமநாதபுரம் மாவட்டம் வரை குழாயில் குடிநீர் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போன்ற ஒன்றை நினைத்துப் பாருங்கள். வழியெங்கும் நீரேற்று நிலையங்கள், தரைத் தொட்டிகள், வால்வுகள். அத்தனை இடத்திலும் இரவு பகலாக ஆளை நிறுத்தி, ஒவ்வொருவரும் போனில் அளவைச் சொல்லி, மற்றவர் அதைக் கேட்டு மோட்டாரைப் போடுவது என்றால் தாமதமும் தவறும் நேரும். எங்கோ குழாய் உடைந்து தண்ணீர் வீணாவது, கடைக்கோடி ஊரில் குழாய் வறண்ட பிறகே தெரியவரும்.

இப்படிப் பரந்து கிடக்கும் அமைப்புகளை ஓர் அறையில் இருந்து பார்க்கவும் இயக்கவும் உருவானதே ஸ்காடா. குடிநீர், கழிவுநீர், மின்சாரம், எண்ணெய் மற்றும் எரிவாயுக் குழாய்கள், ரயில்களுக்கான மின்வழங்கல் என்று பரப்பளவு பெரிதாக உள்ள இடங்களில் எல்லாம் அது இருக்கிறது.

நான்கு அடுக்குகள்

ஸ்காடாவை நான்கு அடுக்குகளாகப் பிரித்துப் பார்த்தால் புரிந்துகொள்வது எளிது.

முதல் அடுக்கு, களத்தில் உள்ள கருவிகள். நீர்மட்டம், அழுத்தம், வெப்பம், குழாயில் ஓடும் அளவு ஆகியவற்றை அளக்கும் கருவிகள் ஒருபுறம். பம்பு, வால்வு, மின்சார பிரேக்கர் போன்று செயலைச் செய்யும் கருவிகள் மறுபுறம்.

அளக்கும் கருவி தன் அளவை எப்படிச் சொல்கிறது என்பதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பரவலாகப் பயன்படுவது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டம். 5 மீட்டர் ஆழமுள்ள தொட்டி என்று வைத்துக்கொள்வோம். தொட்டி காலியாக இருந்தால் கருவி 4 மில்லி ஆம்பியர் அனுப்பும். நிரம்பியிருந்தால் 20. பாதி, அதாவது 2.5 மீட்டர் இருந்தால் 12. பூஜ்யத்தில் தொடங்காமல் ஏன் 4-ல் தொடங்க வேண்டும்? வயர் அறுந்தாலோ கருவி செத்துப்போனாலோ மின்னோட்டம் பூஜ்யம் ஆகிவிடும். 'தொட்டி காலி' என்பதும் 'எனக்குத் தெரியவில்லை' என்பதும் ஒரே எண்ணாக வந்துவிடக் கூடாது அல்லவா? அந்த வித்தியாசத்தைக் காட்டத்தான் 4.

இரண்டாம் அடுக்கு, களத்திலேயே இருக்கும் சிறு கணினிகள். இவற்றில் முக்கியமானவை இரண்டு: பி.எல்.சி., ஆர்.டி.யூ. பி.எல்.சி. என்பது தூசி, வெப்பம், அதிர்வு தாங்கி ஆலைக்குள் ஆண்டுக்கணக்கில் ஓடும்படி செய்யப்பட்ட கணினி. 1960-களின் கடைசியில் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகளின் தேவைக்காக உருவானது. அதற்கு முன் நூற்றுக்கணக்கான ரிலேக்களை வயரால் இணைத்துத்தான் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தினார்கள். காரின் மாடல் மாறினால் வயரை எல்லாம் மாற்ற வேண்டும். பி.எல்.சி. வந்தபின் நிரலை மாற்றினால் போதும் என்றானது. ஆர்.டி.யூ. அதன் உறவுக்காரர். ஆள் இல்லாத தொலைதூர இடத்தில் இருந்து அளவுகளைச் சேகரித்து அனுப்புவதும், வரும் கட்டளையை நிறைவேற்றுவதும் அதன் வேலை.

மூன்றாம் அடுக்கு, தகவல் போய்வரும் பாதை. ரேடியோ, தொலைபேசிக் கம்பி, ஃபைபர் கேபிள், மொபைல் சிம், செயற்கைக்கோள் என்று இடத்துக்குத் தக்கபடி இருக்கும். மையக் கணினி ஒவ்வொரு நிலையத்தையும் வரிசையாகக் கூப்பிட்டு, 'உன் அளவு என்ன?' என்று கேட்கும். பதில் வந்ததும் அடுத்த நிலையம். வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பது போல. பெயர் கூப்பிட்டும் பதில் வராவிட்டால், அந்த நிலையத்துடன் தொடர்பு இல்லை என்று திரையில் குறி விழும்.

நான்காம் அடுக்கு, கண்ட்ரோல் ரூம். இங்கே சர்வர்கள் இருக்கும். ஆலையின் படத்தைத் திரையில் வரைந்து காட்டும் மென்பொருளை ஹெச்.எம்.ஐ. என்பார்கள். தொட்டியில் நீலம் ஏறி இறங்கும், ஓடும் பம்பு ஒரு நிறத்திலும் நின்ற பம்பு வேறு நிறத்திலும் தெரியும். எல்லா அளவுகளையும் நேரத்தோடு சேமித்து வைக்கும் பகுதிக்கு ஹிஸ்டோரியன் என்று பெயர். நேற்று இரவு 2 மணிக்கு அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று அதில் தேடி எடுக்கலாம். எல்லை மீறிய அளவைச் சத்தத்தோடும் நிறத்தோடும் அறிவிப்பது அலாரம்.

'மேற்பார்வை' என்ற சொல்லின் பொருள்

பெயரின் முதல் சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்காடா ஒவ்வொரு நொடியும் பம்பைப் போட்டு நிறுத்திக்கொண்டிருப்பதில்லை. அந்த வேலை களத்தில் உள்ள பி.எல்.சி.யினுடையது. 'தொட்டியை 3 மீட்டருக்கும் 4 மீட்டருக்கும் இடையே வைத்திரு' என்று கண்ட்ரோல் ரூமில் இருந்து சொல்லிவிட்டால், பி.எல்.சி. அதைப் பார்த்துக்கொள்ளும். இடையில் தொடர்பு அறுந்தாலும் கடைசியாகச் சொன்னபடியே அது தொடர்ந்து இயங்கும்படி அமைப்பார்கள். கடை முதலாளி வெளியூர் போனாலும் கடை நடப்பது போலத்தான் இது.

ஒரே வளாகத்துக்குள் அடங்கிய சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை போன்றவற்றில் இதன் நெருங்கிய உறவான டி.சி.எஸ். என்ற அமைப்பு இருக்கும். பரந்து கிடப்பதற்கு ஸ்காடா, ஓரிடத்தில் நெருக்கமாக இயங்கும் சிக்கலான ஆலைக்கு டி.சி.எஸ். என்பது பழைய பிரிவினை. இன்று இரண்டுக்கும் இடையிலான கோடு மங்கி வருகிறது.

ஆபத்தான ஆலைகளில் இவற்றுக்கு அப்பால் தனியாக ஒரு பாதுகாப்பு அமைப்பும் உண்டு. மற்ற எல்லாம் தவறினாலும், அழுத்தமோ வெப்பமோ எல்லை தாண்டினால் ஆலையை அதுவே நிறுத்திவிடும்.

நம் நாட்டில் ஸ்காடாவின் பயனைப் பார்க்க மின்சாரத் துறையை விடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. நாடு முழுவதும் ஒரே மின் கட்டமைப்பாக இணைந்திருக்கிறது. அதன் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் அருகிலேயே இருந்தாக வேண்டும். உற்பத்தியைவிடத் தேவை கூடினால் அது இறங்கும், தேவை குறைந்தால் ஏறும். டெல்லியில் உள்ள தேசிய லோடு டெஸ்பாட்ச் மையமும், பெங்களூரில் உள்ள தென்மண்டல மையமும், மாநில மையங்களும் துணைமின் நிலையங்களின் அளவுகளைச் சில நொடிகளுக்கு ஒருமுறை பெற்று இந்தச் சமநிலையைக் காக்கின்றன. 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடங்கள் வீட்டு விளக்குகளை அணைக்கச் சொன்னது நினைவிருக்கும். அப்போது நாட்டின் மின் தேவை ஏறத்தாழ 31,000 மெகாவாட் சரிந்து, பிறகு மீண்டும் ஏறியது. நீர்மின் நிலையங்களைச் சட்டென்று குறைத்தும் கூட்டியும் அந்த நிமிடங்களைக் கடந்தார்கள். கட்டமைப்பு குலையவில்லை. அளவுகள் உடனுக்குடன் மையத்துக்கு வராமல் இருந்திருந்தால் அது முடிந்திருக்காது.

திரை சொல்வது உண்மையா?

ஆப்பரேட்டர் ஆலையைப் பார்ப்பதில்லை. ஆலையைப் பற்றிக் கருவிகள் சொல்வதைத்தான் பார்க்கிறார். இந்த வித்தியாசத்துக்கு மனித உயிர்களே விலையானதும் உண்டு.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் உள்ள பி.பி. நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில், பராமரிப்புக்குப் பின் ஒரு பகுதியை மீண்டும் தொடங்கினார்கள். அதில் 170 அடி உயரக் கோபுரம் ஒன்று இருந்தது. உள்ளே திரவம் போய்க்கொண்டே இருந்தது, வெளியேறும் வழியோ மணிக்கணக்கில் மூடிக் கிடந்தது. மட்டம் காட்டும் கருவி கோபுரத்தின் அடிப்பகுதியை மட்டுமே அளக்கக்கூடியது. அதன் அளவுத்திருத்தமும் சரியாக இல்லை. திரவம் 158 அடி வரை ஏறியிருந்த நேரத்தில், திரையில் 10 அடிக்கும் குறைவாக, அதுவும் மெல்ல இறங்கிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. மட்டம் கூடினால் ஒலிக்க வேண்டிய தனி அலாரமும் ஒலிக்கவில்லை. திரவம் பொங்கி வெளியே வந்து ஆவியாகித் தீப்பற்றியது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள்.

விசாரணையில் தெரிந்த ஒரு விவரம் சிந்திக்க வைக்கிறது. உள்ளே போகும் அளவு ஒரு திரையிலும் வெளியேறும் அளவு வேறொரு திரையிலும் இருந்தன. இரண்டையும் அருகருகே பார்த்திருந்தால், 'இவ்வளவு போகிறது, ஒன்றும் வரவில்லை, பிறகு மட்டம் எப்படி இறங்கும்?' என்ற கேள்வி எழுந்திருக்கும். அந்த ஆலையில் இருந்தது டி.சி.எஸ். என்றாலும் பாடம் ஸ்காடாவுக்கும் அதேதான். வயர் அறுந்தால் 4 மில்லி ஆம்பியர் ஏற்பாடு காட்டிக்கொடுக்கும். வயர் நன்றாக இருந்து எண் மட்டும் தவறாக இருந்தால், ஒரு கருவியை இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மனிதரால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

அலாரத்திலும் இதே கதை உண்டு. அது அதிகமானாலும் ஆபத்து, இல்லாமல் போனாலும் ஆபத்து.

1994 ஜூலை 24 அன்று பிரிட்டனின் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நிகழ்வதற்கு முந்தைய 11 நிமிடங்களுக்குள் 275 அலாரங்கள் வந்தன. எது முக்கியம், எது அற்பம் என்று பிரிக்க அங்கிருந்தவர்களுக்கு அவகாசமே இல்லை. சாதாரண நேரத்தில் ஓர் ஆப்பரேட்டருக்கு 10 நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் அலாரம் வரக் கூடாது என்பதே இன்று தொழில்துறையில் பின்பற்றப்படும் வழிகாட்டுதல்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஓஹியோ மாநிலத்தின் ஃபர்ஸ்ட்எனர்ஜி மின் நிறுவனத்தில் மதியம் 2.14 மணி அளவில் அலாரம் மென்பொருள் உறைந்துபோனது. திரையில் படங்கள் இருந்தன, சத்தம் மட்டும் நின்றுவிட்டது. அலாரம் இல்லை என்பதால் பிரச்சினை இல்லை என்றே ஆப்பரேட்டர்கள் எண்ணினார்கள். 3.05 முதல் 3.41 மணிக்குள் மூன்று உயர் அழுத்த மின்பாதைகள் மரக்கிளைகளில் உரசித் துண்டித்துக்கொண்டன. வெளியிலிருந்து போன் வந்து சொன்னபோதும் முழு நிலைமை பிடிபடவில்லை. 4.13 மணிக்குள் அமெரிக்காவின் 8 மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். 'அலாரம் அமைப்பு உயிரோடு இருக்கிறதா?' என்பதையும் கண்காணிக்க ஓர் அலாரம் வேண்டும் என்பது அதன்பின் உலகம் கற்ற பாடம்.

வெளியாள் கைவைத்தால்

ஸ்காடாவின் பழைய கருவிகளும் அவை பேசும் மொழிகளும் உருவான காலத்தில் இணையம் பொதுமக்களிடம் இல்லை. 1979-ல் வந்து இன்றும் பரவலாகப் பயன்படும் மோட்பஸ் என்ற தகவல் மொழியை எடுத்துக்கொள்வோம். அதன் மூல வடிவில் 'நீ யார்?' என்று கேட்கும் ஏற்பாடே கிடையாது. வந்த கட்டளை முறையாக இருந்தால் கருவி கீழ்ப்படியும். ஆலை மதிலுக்குள் மட்டும் வயர் ஓடிய நாளில் அது குறையாகத் தெரியவில்லை. அதே கருவிகள் அலுவலக நெட்வொர்க்கோடும் இணையத்தோடும் இணைந்தபோதுதான் ஆபத்து வந்தது.

2000-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மரூச்சி நகராட்சிப் பகுதியில் கழிவுநீர்ப் பம்புகள் காரணமின்றி நின்றன, அலாரங்கள் வராமல் போயின. முதலில் கருவிப் பழுது என்றே நினைத்தார்கள். அந்த ஸ்காடாவை நிறுவிய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்து, பிறகு நகராட்சியில் வேலை கேட்டுக் கிடைக்காத ஒருவர், காரில் லேப்டாப்பும் ரேடியோக் கருவியும் வைத்துக்கொண்டு கட்டளை அனுப்பியிருக்கிறார் என்பது பின்னர் தெரிந்தது. சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காவிலும் ஓடைகளிலும் கலந்தது. அவருக்கு 2 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் இன்னும் தந்திரமானது. ஈரானின் நத்தான்ஸ் அணு மையத்தில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களின் வேகத்தை அது தாறுமாறாக மாற்றியது. அதே நேரத்தில், முன்பு பதிவு செய்துவைத்த இயல்பான அளவுகளைத் திரைக்கு அனுப்பியது. இயந்திரம் உடைந்துகொண்டிருக்க, திரையில் எல்லாம் நலம். அந்த ஆலையின் நெட்வொர்க் இணையத்தோடு இணைக்கப்படாதது. யூ.எஸ்.பி. டிரைவ் போன்றவற்றின் வழியே அது உள்ளே போனதாக வல்லுநர்கள் கூறுகிறார்கள். அமெரிக்காவும் இஸ்ரேலும் இதன் பின்னணியில் இருந்ததாகப் பரவலாகக் கருதப்படுகிறது. இரு நாடுகளும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டதில்லை.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கண்ட்ரோல் ரூம்களில், ஆப்பரேட்டர் தொடாமலேயே திரையில் மவுஸ் அம்பு நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்தது. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் இருளில் மூழ்கினார்கள். மாதங்களுக்கு முன் ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சல் இணைப்பைத் திறந்ததே தொடக்கம். ஊழியர்கள் வண்டியில் துணைமின் நிலையங்களுக்குப் போய், கையாலேயே பிரேக்கர்களை மூடிச் சில மணி நேரங்களில் மின்சாரத்தை மீட்டார்கள். கையால் இயக்கத் தெரிந்தவர்கள் இன்னும் வேலையில் இருந்தார்கள் என்பதே அன்று அவர்களைக் காப்பாற்றியது.

நம்மவர்கள் அதிகம் வேலை செய்யும் வளைகுடாவும் விலக்கல்ல. 2017-ல் சவூதி அரேபியாவின் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில், உயிர்காக்கும் கடைசி அரணான பாதுகாப்பு அமைப்பையே குறிவைத்து ஒரு தீய நிரல் நுழைந்தது. பின்னாளில் அதற்கு டிரைட்டன் என்று பெயரிட்டார்கள். அந்த நிரலில் ஏற்பட்ட ஒரு கோளாறால் பாதுகாப்பு அமைப்பு ஆலையைத் தானாக நிறுத்தியது. அதனால்தான் விஷயம் வெளியே வந்தது. ஆலை காரணமில்லாமல் நின்றதை வெறும் பழுது என்று விட்டுவிடாமல் தோண்டிப் பார்த்ததால் கண்டுபிடிக்க முடிந்தது.

காப்பது எப்படி?

இந்தச் சம்பவங்களில் இருந்து கிடைக்கும் காவல் முறைகளில் பல, ஊழியரின் அன்றாடப் பழக்கத்தில்தான் இருக்கின்றன.

ஆலையின் நெட்வொர்க்கை அலுவலக நெட்வொர்க்கில் இருந்து பிரித்து வைக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே போய்வரும் தகவலைக் கண்காணிக்க வேண்டும். ஒரே பாஸ்வேர்டை ஷிஃப்டில் உள்ள எல்லோரும் பயன்படுத்தும் வழக்கம் கூடாது. வேலையை விட்டுப் போனவரின், ஒப்பந்தம் முடிந்த நிறுவனத்தின் அனுமதியை அன்றே நீக்க வேண்டும். ஆஸ்திரேலியச் சம்பவம் சொல்வது அதைத்தான். வீட்டிலிருந்து பாட்டோ படமோ கொண்டுவந்த பென் டிரைவை ஆலைக் கணினியில் செருகக் கூடாது. கண்ட்ரோல் ரூம் கணினியின் யூ.எஸ்.பி. துளையில் மொபைலைச் சார்ஜ் போடுவதும் அதே தவறுதான். கருவிகளின் அளவுத்திருத்தத்தைக் குறித்த நாளில் செய்து பதிவேட்டில் எழுத வேண்டும். திரை அணைந்துபோனால் கையால் ஆலையை எப்படி நடத்துவது, எப்படிப் பாதுகாப்பாக நிறுத்துவது என்று ஒத்திகை பார்க்க வேண்டும்.

கண்ட்ரோல் ரூமில் வேலை செய்யும் நம் குடும்பத்துப் பிள்ளைகளிடம் இவற்றைப் பற்றிப் பேசுவது நல்லது. 'சும்மா ஒரு நிமிடம்தானே' என்று செருகிய ஒரு பென் டிரைவ், தூரத்தில் களத்தில் நிற்கும் சக தொழிலாளியின் உயிரைத் தொடக்கூடும்.

இத்துறைக்குள் போக நினைப்பவர்களுக்கு

எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன், மெக்கட்ரானிக்ஸ் ஆகிய பிரிவுகளில் டிப்ளமோ அல்லது பட்டம் படித்தவர்கள் இத்துறைக்கு வரலாம். ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் என்ற தொழிற்பிரிவு இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு உண்டு. ஸ்காடா திரைகளை வடிவமைப்பது, பி.எல்.சி. நிரல் எழுதுவது, தரவுகளை ஆராய்வது போன்ற பணிகளை அலுவலகத்தில் இருந்தே செய்யலாம். கண்ட்ரோல் ரூம் வேலை என்றால் ஷிஃப்ட் உண்டு, பெருநாள் அன்றும் இரவு வேலை வரலாம் என்பதை வீட்டார் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

சீமென்ஸின் வின்சிசி, அவீவாவின் இன்டச், ராக்வெல்லின் ஃபேக்டரிடாக் என்று பல மென்பொருள்கள் சந்தையில் உள்ளன. பயிற்சி நிலையங்கள் இந்தப் பெயர்களைத்தான் பெரிதாகப் போடுகின்றன. ஒரு மென்பொருளில் தொட்டிப் படம் வரைந்து நிறம் மாற்றுவதைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். அதை மட்டும் கற்றவருக்கு, அந்தத் தொட்டிப் படம் பொய் சொல்லும்போது தெரியாது. கருவி எப்படி அளக்கிறது, எதனால் தவறுகிறது, வயர் எந்தப் பெட்டி வழியாகப் போகிறது, வரைபடத்தை எப்படிப் படிப்பது என்று தெரிந்தவரைத்தான் ஆலைகள் மதிக்கின்றன. மென்பொருள் மாறும், இந்த அறிவு மாறாது.

எனவே பணம் கட்டுவதற்கு முன் பெற்றோரும் பிள்ளையும் நேரில் போய்ச் சில கேள்விகள் கேட்க வேண்டும். உண்மையான பி.எல்.சி. இருக்கிறதா, எத்தனை பேருக்கு ஒன்று? டிரான்ஸ்மிட்டரைக் கையில் கொடுத்து அளவுத்திருத்தம் செய்யச் சொல்லித் தருவார்களா? நன்றாக ஓடும் அமைப்பில் வேண்டுமென்றே ஒரு பழுதை உண்டாக்கிக் கண்டுபிடிக்கச் சொல்வார்களா? 'வேலை உறுதி' என்றால் எந்த நிறுவனம், எழுத்தில் தருவார்களா? முன்பு படித்த இருவரின் தொடர்பைத் தருவார்களா? இவற்றுக்கு நேரான பதில் கிடைக்காத இடத்தில் கடன் வாங்கிப் பணம் கட்ட வேண்டாம்.

ஆர்வம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கச் செலவே இல்லாத வழியும் உண்டு. ஓபன்பி.எல்.சி. என்ற திறந்தமூல மென்பொருளும், கோடிசிஸ் என்ற நிரலாக்க மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் மேல்தொட்டியையே முதல் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். மட்டம் குறைந்தால் மோட்டார் ஓட வேண்டும், நிரம்பினால் நிற்க வேண்டும் என்று நிரல் எழுதட்டும். பிறகு, மிதவை சிக்கிக்கொண்டால் என்ன ஆகும், கிணறு வறண்டிருந்தால் மோட்டார் கருகாமல் எப்படிக் காப்பது, மோட்டார் இவ்வளவு நேரம் ஓடியும் மட்டம் ஏறவில்லை என்றால் யாருக்கு எப்படிச் சொல்வது என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கட்டும். இந்த மூன்று கேள்விகளோடு விடாமல் மல்லுக்கட்டும் பிள்ளைக்கு இத்துறை பொருந்தும். அதற்கப்புறம் பயிற்சி நிலையம் தேடலாம்.